ஏழாவது தடம்

ஏழாவது தடத்தில் இருந்த கோடு போன வாரத்தைவிடக் கருத்திருந்தது.

அன்புச்செல்வி பிலிமை இடுக்கியால் தூக்கி, சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தாள். கரைசல் பிலிமின் கீழ் ஓரத்தில் திரண்டு, தட்டுக்குள் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. வெளியே காலை பதினொரு மணி. கார்த்திகை மழை குளத்தூர்ச் சாலையில் விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஆனால் கல்லூரியின் இந்த மூலைக்குப் பகல் கிடையாது. உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறையை இருட்டறையாக மாற்றியிருந்தார்கள். ஜன்னலில் கறுப்புச் சார்ட் அட்டையை மூன்று மடிப்பாக ஒட்டி, கதவுக்கு உள்பக்கம் கனத்த கறுப்புத் திரை தொங்கவிட்டிருந்தார்கள். ஓர் ஆள் நின்று திரும்பும் இடத்தில் மூன்று தட்டுகள், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சிவப்பு பல்பு. கரைசல்களின் புளித்த காடி வாசனை எப்போதும் இருக்கும். இன்று அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. இனிப்பாக, கனமாக, தொண்டையில் ஒட்டுவதுபோல.

பழுத்த பலா.

கார்த்திகையில் ஏது பலா என்று நினைத்துக்கொண்டு அவள் பிலிமை அடுத்த தட்டில் அமிழ்த்தினாள்.

அந்தக் கோடு கருப்பதில் என்ன தவறு என்று தெரிய வேண்டுமானால், அது எப்படி உண்டாகிறது என்று தெரிய வேண்டும். அன்புச்செல்விக்கு அதைச் சொல்லப் பிடிக்கும். முதலாமாண்டுப் பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுச் சொல்வாள். ஒரு துளி இரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கின்றன. அதைத் தெளியவைத்து, வழவழப்பான ஒரு ஜெல் பாளத்தின் தலையில் உள்ள குழியில் விட்டு மின்சாரம் கொடுத்தால், புரதங்கள் கீழே இறங்கி ஓடத் தொடங்கும். சிறியது முந்தும், பெரியது பிந்தும். குழிக்கு ஒரு தடமாகப் பத்துக் குழிக்குப் பத்துத் தடம். ஓடி முடித்ததும் அப்படியே ஒரு வெள்ளைச் சவ்வுத்தாளில் ஒத்தியெடுத்து, ஆன்டிபாடி கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும். ஆன்டிபாடி ஒரு முயலின் உடம்பு தந்தது. ஒரே ஒரு வடிவத்தை முயலுக்குக் காட்டிப் பழக்கியிருப்பார்கள்; அந்த வடிவத்தைத் தவிர வேறெதிலும் அது ஒட்டாது. சந்தைக் கூட்டத்துக்குள் நுழைந்து, தேடி வந்த ஒரே முகத்தைக் கண்டதும் தோளில் கை வைக்கும் ஆளைப்போல. கை வைத்த இடத்தை இரண்டாவது ஆன்டிபாடி ஒன்று வந்து பிடித்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு மருந்தை ஊற்றினால் அந்த இடம் மெல்ல ஒளிரும். கண்ணுக்கு எட்டாத ஒளி. இருட்டில் ஒரு நிமிடம் பிலிமை அதன்மேல் வைத்தால் அது கறுப்புக் கோடாக விழும். புரதம் நிறைய இருந்தால் தடித்த கோடு. கொஞ்சம் இருந்தால் மங்கிய கோடு. இல்லையென்றால் வெறும் பிலிம்.

அவளுடைய ஆன்டிபாடி தேடியது செலினியத்தைச் சுமக்கும் ஒரு புரதத்தை. ஈரல் அதைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. அது மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் செலினியத்தைக் கொண்டுபோய் இறக்குகிறது. அதைச் செய்யும் விதத்தில்தான் அன்புச்செல்வி மயங்கிப்போயிருந்தாள். உடம்பு ஒரு புரதத்தைக் கட்டும்போது, மரபுக் குறிப்பை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டே போகிறது. அதில் ஒரு மூன்றெழுத்துக்கு ‘இத்தோடு நிறுத்து’ என்று பொருள். மற்றப் புரதங்கள் அங்கே நின்றுவிடும். செலினியம் சுமப்பவை நிற்பதில்லை. நிறுத்து என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒரு செலினியத்தை வைத்துவிட்டு மேலே நடக்கும். அவளுடைய புரதம் அப்படிப் பத்து இடங்களைத் தாண்ட வேண்டும். செலினியம் போதாத உடம்பில் அது பாதியிலேயே அறுந்துபோகும். அவள் கையில் இருந்த ஆன்டிபாடி வால்நுனியை மட்டும் அடையாளம் காண்பது. நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் நிற்காமல் கடைசிவரை வந்தவற்றை மட்டுமே அது தொடும்.

ஏழாவது தடத்தில் இருந்தது வெள்ளைச்சாமியின் இரத்தம். அவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

குளிர்பெட்டியில் இருக்கும் இரத்தத்துக்கு ஈரல் கிடையாது. அதில் உள்ள புரதம் நாளாக நாளாகச் சிதையலாம், குறையலாம். கூடுவதற்கு வழியே இல்லை.

வைகாசியில்தான் அவரைப் பார்த்தாள். கீரமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, ஆய்வுக்காக நாற்பத்திரண்டு பேரிடம் இரத்தம் எடுத்தாள். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு மேலே படிக்க வந்தவள் என்பதால் ஊசியை அவளே பிடித்தாள். வெள்ளைச்சாமி கடைசி ஆள். ஒல்லியான மனிதர். பலாத்தோப்பில் காய் இறக்கிய கையோடு வந்திருந்தார். எண்ணெய் போட்டுத் தேய்த்தும் உள்ளங்கையெல்லாம் பலாப்பால். ரப்பர் பட்டையை மேல்கையில் இறுக்கிக் கட்டி, முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டினாள். நரம்பு எழவில்லை.

“கைய இறுக்கி மூடித் தொறங்கய்யா. ஒண்ணும் வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

மூடித் திறந்தார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விரல்கள் உள்ளங்கையிலிருந்து ஒட்டிப் பிரிந்து ‘பிசுக்’ என்றது. பிசுக். பிசுக். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரி ஆத்தா, சிரி. இந்தக் கையோட பஸ்ஸுல கம்பியப் புடிச்சா, எறங்குறப்ப கம்பியும் கூட வருது.”

எதற்கு இந்த இரத்தம் என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முயல், தடம், இருட்டறை, நிற்காமல் போகும் புரதம். அவர் வாய் பிளந்து கேட்டார்.

“அப்ப எனக்கு அந்தச் சத்து இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும். நாலு எட்டு வச்சா நெஞ்சு படபடங்குது, அது எதனாலன்னும் தெரிஞ்சிரும்.”

“தெரிஞ்சிருங்கய்யா. ரிசல்ட் வந்ததும் நானே வந்து சொல்றேன்.”

“வராட்டி?”

“கண்டிப்பா வருவேங்க.”

“வராட்டி நான் வாரேன் ஒங்க காலேசுக்கு. பஸ்ஸுதான் போகுதே.”

ஆனியில் முதல் பிலிம் வந்தது. ஏழாவது தடத்தில் சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு. நாற்பத்திரண்டு பேரில் அவருக்குத்தான் மிகக் குறைவு. செலினியம் அவ்வளவு குறைந்தால் இதயத் தசை தளர்ந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். அன்றே போன் எடுத்திருக்கலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று முறை செய்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் அது முடிவு. அதுவரை வெறும் கோடு. இரண்டாம் முறையும் அதே சிலந்தி நூல் வந்தது. அந்த வாரம் அவருடைய மகள் செவந்தி கூப்பிட்டாள்.

“அக்கா, அப்பாவோட ரிசல்ட் வந்திருச்சாக்கா? காலெல்லாம் வீங்குது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, காலேசுப் புள்ள வந்து சொல்லட்டும்னு ஒக்காந்திருக்காரு.”

“இன்னும் ஒரே ஒரு தடவ பாக்கணும் செவந்தி. அடுத்த வாரம் சொல்லிருவேன்.”

அடுத்த வாரம் ஜெல் கிழிந்துபோனது. ஆடிப்பெருக்கு அன்று காலை, வாசலில் உட்கார்ந்தபடியே வெள்ளைச்சாமி இறந்துபோனார்.

மூன்றாவது பிலிமை அதற்குப் பிறகு, ஐப்பசி பிறக்கும் சமயத்தில்தான் எடுத்தாள். சிலந்தி நூல் தையல் நூலாகியிருந்தது.

குழியில் கூடுதலாக விட்டுவிட்டோம் என்று நினைத்தாள். அளந்து விட்டாள். சவ்வுத்தாளை மாற்றினாள். புது ஆன்டிபாடிக் குப்பியை உடைத்தாள். தப்பு எங்கே என்று பிடிக்க ஒரே வழி, ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றிப் பார்ப்பது. வாராவாரம் ஒன்றை மாற்றினாள். வாராவாரம் கோடு தடித்தது.

*

“என்ன அன்பு, ஒங்க ஆளு இந்த வாரமும் வெயிட் போட்டுட்டாரா?”

இருட்டறையிலிருந்து வெளியே வந்தவளிடம் நிலவழகன் கேட்டான். அடுத்த மேசையில் அவனும் ஆராய்ச்சி மாணவன். எதையும் கிண்டலாகத்தான் கேட்பான். அவள் பத்துப் பிலிமையும் ஒளிப்பெட்டியின்மேல் வரிசையாக வைத்தாள். அவன் எட்டிப் பார்த்தான். கிண்டல் போய்விட்டது.

“ஏழ விடு. ரெண்டப் பாரு.”

இரண்டாவது தடம் அவளுடையது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபாடி வேலை செய்கிறதா என்று சரிபார்க்க, நல்ல உடம்புள்ள ஒருவரின் இரத்தம் ஒரு தடத்தில் ஓட வேண்டும்; அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அதற்கென்று யாரையும் தேடிப் போவதில்லை. வைகாசியில் அதே நாளில், அதே மேசையில், அதே ரப்பர் பட்டையால் தன் இடது கையைக் கட்டித் தன் இரத்தத்தை எடுத்துவைத்திருந்தாள். முதல் பிலிமில் அது கரிக்கோடு போலத் தடித்திருந்தது. மூன்றாவதில் கொஞ்சம் மங்கல். இப்போது பத்தாவதில், மூச்சு விட்டால் கலைந்துவிடும்போல் இருந்தது.

கணினியில் கோடுகளின் கறுப்பை அளந்தாள். அளந்த எண்களைக் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். முதல் பிலிமில் இரண்டாவது தடமும் ஏழாவது தடமும் சேர்ந்து நூறு. கடைசிப் பிலிமிலும் நூறு. நடுவில் இருந்த எட்டுப் பிலிமிலும் நூறு. ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குத் தண்ணீர் இறங்குவதைப்போல, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல்.

வழிகாட்டிப் பேராசிரியர் புவனேஸ்வரி பிலிம்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஒன்னோட பழைய சாம்பிள் கெட்டுப்போச்சும்மா. கன்ட்ரோல் போனா தீசிஸே போச்சு. புதுசா எடுத்து ஓட்டு.”

சரிதான். பழையது கெட்டிருக்கும். அவள் நிம்மதியாகத் தன் சட்டைக் கையை மேலே மடித்தாள். ரப்பர் பட்டையை இறுக்கிப் பிடிக்க வந்த நிலவழகன் அப்படியே நின்றுவிட்டான்.

“எத்தன தடவ குத்தியிருக்க நீ?”

“ஒரே தடவ. மே மாசம்.”

“வெளையாடாத அன்பு.”

முழங்கை மடிப்பில் சின்னச் சின்னப் புள்ளிகள். சில காய்ந்து வெளுத்தவை. சில மஞ்சளும் பச்சையுமாய்க் கன்றியவை. ஒன்று இன்னும் சிவப்பு. அவன் விரலால் தொடாமல் எண்ணினான். பதினொன்று. அவளாகக் குத்தியது ஒன்று. மீதி, பிலிமுக்கு ஒன்று.

புது இரத்தமும் மங்கலாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகுதான் தன் உடம்பைக் கவனித்தாள். நகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஆய்வுக்கூடம் மாடியில்; இருபத்திரண்டு படி. பாதியில் நின்று கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. நாலு எட்டு வைத்தால் நெஞ்சு படபடத்தது. இதயத் துடிப்பு பலவீனமாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார் புதுக்கோட்டை டாக்டர். செலினியம் மாத்திரை வாங்கிப் பத்து நாள் விழுங்கினாள். அந்த வாரப் பிலிமில் இரண்டாவது தடம் தேறவில்லை. ஏழாவதுதான் தேறியது.

செவந்திக்குப் போன் செய்தாள். நான்கு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்லிவிட்டால், ஒருவேளை. அந்த ஒருவேளையைத் தாண்டி அவள் யோசிக்கவில்லை.

“செவந்தி, அப்பாவோட ரிசல்ட். அவருக்கு அந்தச் சத்து ரொம்பக் கொறைவா இருந்துச்சு. எனக்கு மொதல்லயே தெரியும். நான் சொல்லாம விட்டுட்டேன்.”



“கொறைவாவா?” என்றாள் செவந்தி. “இல்லக்கா. அப்பா வாராவாரம் கனவுல வருது. மொத மாதிரி இல்ல, கன்னமெல்லாம் வச்சிருக்கு. எங்க போயிட்டு வாரப்பான்னு கேட்டா, காலேசுக்குன்னு சொல்லுது.”

*

வெள்ளிக்கிழமை அவள் அவருடைய குப்பியை அழித்தாள்.

மீதியிருந்த இரத்தத்தை வெளுப்புக் கரைசலில் ஊற்றி, குப்பியை அதிலேயே மூழ்கடித்து, எல்லாவற்றையும் அழுத்தக் கொதிகலனில் வைத்து வேகவைத்தாள். கொதிகலன் சீறி அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கடைசியாக ஒரு ஜெல் ஊற்றினாள். இரண்டாவது குழியில் அன்று காலை எடுத்த தன் இரத்தம். மற்ற ஒன்பது குழிகளிலும் வெறும் நீலச் சாயம். ஏழாவது குழியில் சாயத்தை மெதுவாக விட்டாள். துளி வெளியே சிந்தாதபடி பார்த்துக்கொண்டாள். அவர் இல்லாத ஜெல். ஏழாவது தடம் வெறுமையாக வந்தால் போதும். தன் தடம் மங்கலாக வந்தாலும் பரவாயில்லை. மங்கலாகவேனும் வர வேண்டும்.

மறுநாள் நண்பகல், சவ்வுத்தாளோடு இருட்டறைக்குள் நுழைந்தாள். திரையை இழுத்துவிட்டாள். வெளியே மழை வலுத்திருந்தது. கறுப்புச் சார்ட்டுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடியில் யாரோ அரிசி அள்ளி எறிவதுபோலச் சத்தம். சிவப்பு பல்பின் கீழ் அவளுடைய கையுறைகள் கருஞ்சிவப்பாகத் தெரிந்தன. காடி வாசனை இல்லை. முகர்ந்து பார்த்தாள். மூன்று தட்டிலும் கரைசல் இருந்தது, வாசனை மட்டும் இல்லை. அறை முழுக்கப் பலாப்பழம். இப்போதுதான் பிளந்ததுபோல, ஈரமாய், சூடாய்.

பிலிமை வைத்தாள். அறுபது எண்ணினாள். எடுத்து முதல் தட்டில் அமிழ்த்தினாள்.

கரைசல் அலையாடி அடங்கியது. பிலிம் வெறுமையாகக் கிடந்தது. பத்து விநாடி. பதினைந்து. இரண்டாவது தடம் இருக்க வேண்டிய இடத்தையே பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். அங்கே ஒரு நிழல் எழ வேண்டும். சிலந்தி நூல் போதும். அதில் பாதி போதும்.

எழவில்லை.

வலது பக்கத்தில் எழுந்தது.

முதலில் சாம்பல். பிறகு கறுப்பு. தடித்து, விளிம்பு கடந்து, பக்கத்துத் தடங்களைத் தொட்டுக்கொண்டு. வெறும் சாயம் விட்ட குழியின் கீழ். ஏழாவது.

அளக்கத் தேவையில்லை. நூறு.

கரண்ட் போனது.

சிவப்பு பல்பின் இழை ஒரு கணம் கண்ணுக்குள் நின்று, அதுவும் அணைந்தது. கதவு எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். இடது பக்கம், இரண்டு எட்டு. நெஞ்சு படபடத்தது. ஒரு எட்டு வைத்தாள். திரை கைக்குத் தட்டுப்படவில்லை.

“நிலவு!”

குரல் தட்டுகளின்மேல் விழுந்து அங்கேயே கிடந்தது. மழை மட்டும். பிறகு மழையும் இல்லை.

இடது மேல்கையில் ஏதோ பட்டது. தோலோடு ஒட்டியது. சுற்றியது. இறுகியது. ரப்பர். அவள் கட்டும் அதே இறுக்கம், அதே முடிச்சு. கையை இழுத்தாள். கை வரவில்லை.

முழங்கை மடிப்பில் தட்டல்.

இரண்டு விரல். எண்ணெய் பிசுக்கோடு, பொறுமையாக, நரம்பைத் தேடி. தட்டித் தட்டி. அவசரமே இல்லாமல்.

கத்த வேண்டும். மூச்சு இல்லை.

இருட்டில் அவளுடைய இடது கை தானாக மூடியது. இறுகியது. திறந்தது.

பிசுக்.

மூடியது. திறந்தது.

பிசுக்.

அதற்குப் பிறகு, எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது.